எடைமேடைக்காரரின் கட்டைவிரல்

என் வீட்டுக்காரர் ஒரு வாக்கியத்தை ஒரே மூச்சில் எழுதி முடித்து நான் பார்த்ததில்லை. படிப்பறிவு இல்லாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். இவருக்கு வேலை எடைமேடையில். சாலையோரத்தில் லாரி ஏறி நிற்கும் நீளமான இரும்புத் தளமும், பக்கத்தில் ஒரு கண்ணாடி அறையும், அதற்குள் ஒரு கம்ப்யூட்டரும், ஒரு முக்காலியும்தான் இவருடைய ராஜ்ஜியம். லாரி வந்து ஏறும். டிரைவர் இறங்கி ஜன்னலுக்கு வருவார். இவர் வண்டி எண்ணைத் தட்டி, எடை ஆடாமல் நிற்கும்வரை காத்திருந்து, சீட்டை அச்செடுத்து நீட்டி, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுவார். வண்டி நகரும், அடுத்தது ஏறும். இரண்டு லாரிக்கு நடுவே கிடைக்கிற ஒன்றரை நிமிடத்தில்தான் இவர் நாட்டைத் திருத்தியாக வேண்டும்.

திருத்துகிற இடம் எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழு. பெயர் 'நம்ம குடும்பம்'. ஆரம்பித்தவர் இவர், நிர்வாகி இவர், பேசுகிறவரும் பெரும்பாலும் இவரே. காலை ஒன்பது மணிக்கு, "இந்த நாட்டில் ஒழுங்காக வரி கட்டுகிறவன்" என்று ஒரு செய்தி வரும். அதற்குள் பழைய இரும்பு ஏற்றிய லாரி வந்து நின்றுவிடும். வரி கட்டுகிறவனுக்கு என்ன ஆயிற்றோ என்று குடும்பமே அரை மணி நேரம் காத்துக் கிடக்கும். ஒன்பதரைக்கு, "யாரென்று பார்த்தால் நீங்களும் நானும்தான்" என்று மீதி வந்து சேரும்.

தொழில் புத்தி என்று ஒன்று இருக்கிறதல்லவா. லாரியில் எவ்வளவு சரக்கு என்று தெரிய வேண்டுமானால் லாரியைக் காலியாக ஒருமுறை நிறுக்க வேண்டும், சரக்கோடு ஒருமுறை நிறுக்க வேண்டும், பிறகு கழிக்க வேண்டும். நாட்டு மக்களையும் அப்படித்தான் நிறுக்க வேண்டுமாம். ஒருவன் இன்று எத்தனை டன் வைத்திருக்கிறான் என்று பார்த்துக் கைதட்டாதே, மேடை ஏறும்போது அவன் காலி எடை என்ன, அப்பன் சொத்து எவ்வளவு ஏற்றிக்கொண்டு வந்தான், அதைக் கழி என்பார். உண்மையைச் சொன்னால் எனக்கு இந்தக் கொள்கை பிடிக்கும். இதையே வாரத்துக்கு ஐந்து தடவை கேட்டால் யாருக்கும் பிடிக்காது. அதனால் பதினோரு மாதமாக அந்தக் குழுவை நான் மியூட்டில் போட்டு வைத்திருந்தேன். இதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், பின்னால் யாரும் என்னைக் கேட்க வேண்டாம்.

குழுவில் இவருக்குச் சரியான ஜோடி என் கொழுந்தனார். டைல்ஸ் கடை வைத்திருக்கிறார், வீட்டில் மீன்தொட்டி வைத்திருக்கிறார். இந்த நாட்டில் யாருக்காவது அநியாயம் நடக்கிறதென்றால் அது டைல்ஸ் கடைக்காரர்களுக்குத்தான் என்பது அவர் கட்சி. குறைந்தபட்சக் கூலியை ஏற்ற வேண்டும் என்று இவர் எழுதினால், அவர் பதிலுக்கு ஆரஞ்சு நிற மீன் ஒன்றின் படத்தைப் போட்டு, "புதுசா வாங்கினேன், எப்படி இருக்கு?" என்று கேட்பார். அதற்கும் இவர் ஒரு கட்டைவிரல் வைப்பார்.

என் மாமனார் தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறிய லைன்மேன். எண்பத்தோரு வயது. மூத்த மகன் எந்தக் கட்சிப் பக்கம் சாய்கிறான் என்று பார்த்துக்கொண்டு, அதற்கு எதிர்ப்பக்கம் போய் நிற்பார். அவருக்கு எழுத வராது, குரல்பதிவுதான். நாலு நிமிடப் பதிவில் முதல் அரை நிமிடம் தொண்டையைச் செருமுவார். அடுத்த அரை நிமிடம், "கேக்குதா? ஏதாவது கேக்குதா?" என்பார். அப்புறம் ஃபேன் சுற்றும், குழாய் ஓடும், பாத்திரம் உருளும், அதற்கு நடுவே நிதியமைச்சரை ஒரு பிடி பிடிப்பார்.

அவர் ஒன்பது வருடமாக என் நாத்தனாரோடு இருந்தார். அவள்தான் வீட்டில் கடைசி. பஸ் டிப்போவில் மாதப் பாஸ் விற்கும் கவுன்ட்டரில் வேலை. கல்யாணம் வேண்டாமென்று இருந்துவிட்டாள். குழுவில் அவள் எப்போதாவது ஒரு வரி எழுதுவாள்.

இனி அந்தச் சட்டத்தைச் சொல்ல வேண்டும். மூன்று வருடத்துக்கு முன் மாமனாருக்கு வெந்நீர் கீசர் வாங்குவதா என்று குழுவில் கேட்டபோது, கொழுந்தனார் முந்திக்கொண்டு கட்டைவிரல் வைத்தார். யார் யார் எவ்வளவு என்று பேச்சு வந்ததும் விரலை எடுத்துவிட்டார். கேட்டால், "விரல் தவறிப் பட்டுடுச்சு அண்ணா" என்றார். இவருக்கு வந்ததே கோபம். அன்றைக்கு மட்டும் நாலு லாரியைக் காக்க வைத்து, ஒரே மூச்சில் ஒரு சட்டம் எழுதி, குழுவின் உச்சியில் குத்தி வைத்தார். "இனி இந்தக் குடும்பத்தில் கட்டைவிரல் வைத்தால் சம்மதம் என்றே பொருள். வைத்தது வைத்ததுதான். விரல் தவறிவிட்டது என்ற பேச்சுக்கே இடமில்லை." அதன் கீழே எல்லோரும் கட்டைவிரல் வைத்தார்கள். சட்டம் நிறைவேறியது.

இவ்வளவு பேசுகிற மனிதர் எழுதுகிற அளவுக்குப் படிப்பார் என்று நாங்கள் நினைத்தோம், அதுதான் தப்பு. அறையில் உட்கார்ந்தபடி லாரிகளை எப்படி ஒவ்வொன்றாக மேடையைவிட்டு அனுப்புவாரோ, அப்படியே மற்றவர்கள் எழுதிய செய்திகளையும் அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறார். வந்ததா, ஒரு கட்டைவிரல். அடுத்தது வரட்டும்.

ஒன்றாம் தேதி காலை ஏழு மணிக்கு வாசல் மணி அடித்தது. இவர் வாயில் பிரஷ்ஷும் கையில் போனுமாக பட்ஜெட்டைப் பற்றி எழுதிக்கொண்டிருந்தார். நான்தான் கதவைத் திறந்தேன். நாத்தனார் நின்றாள். அவள் தோளில் ஒரு பை, கையில் ஒரு பை, கக்கத்தில் ஒரு தலையணை. பக்கத்தில் கைத்தடியோடு மாமனார்.

"என்னம்மா இது, சொல்லாம கொள்ளாம?" என்றார் இவர், பிரஷ்ஷை எடுக்காமலே.

"சொன்னேனே அண்ணா. நீங்களும் சரின்னீங்களே."

"நான் எப்போ சரின்னேன்?"

"நாலு தடவை."

பைகளைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்துக் காட்டினாள். டிப்போவில் பஸ் ஓட்டப் பெண்களையும் எடுக்கிறார்கள். மூன்று மாதம் வெளியூரில் தங்கிப் பயிற்சி, தேறினால் டிரைவர் வேலை. நாற்பத்தைந்து வயதுக்குள் சேர வேண்டும். அவளுக்கு அடுத்த மாதம் நாற்பத்தைந்து முடிகிறது. மூன்று மாதம் அப்பாவை யார் வைத்துக்கொள்வது என்று போன வருடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். யாரும் வந்து கூட்டிப் போகவில்லை என்று சும்மா இருந்துவிட்டாள். இந்த வருடம் இரண்டு தடவை கேட்டிருக்கிறாள். கடைசியாக, "ஒன்றாம் தேதி காலையில் அப்பாவை உங்கள் வீட்டுக்குக் கூட்டி வருகிறேன், சரியா அண்ணா?" என்று தேதி போட்டே கேட்டிருக்கிறாள். நாலுக்கும் கீழே என் வீட்டுக்காரரின் கட்டைவிரல், மஞ்சளாக, நிமிர்ந்து நின்றது.

இவர் முகத்தில் ஈயாடவில்லை. வாய் கொப்பளித்துவிட்டு வந்து, "சின்னவன் வீடு பெருசாச்சே" என்று தம்பிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் கொழுந்தனார் குரல் குளுகுளுவென்று வந்தது.

"எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்ல அண்ணா. ஆனா மேல குத்தி வச்சிருக்கற சட்டத்த ஒரு தடவை படிச்சுப் பாருங்க. விரல் தவறிடுச்சுங்கற பேச்சுக்கே இடமில்லையாம். நீங்க எழுதினதுதான்."

கீசர் விஷயத்தை மனிதர் மூன்று வருடமாக மனதில் வைத்திருந்தார்.

இவர் போனை வைத்தார். தலையைச் சொறிந்தார். பிறகு, பெரிய மனசு பண்ணுகிற தோரணையில் தங்கையிடம் சொன்னார், "சரிம்மா, நீ கெளம்பு. அப்பா இங்க இருக்கட்டும். இவ பாத்துப்பா."

இவ என்றது என்னை.

எனக்கு எங்கிருந்துதான் அப்படி ஒரு வேகம் வந்ததோ. நான் மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிறவள். எட்டரைக்குப் போனால் ஆறு மணிக்குத்தான் வருவேன். அரை மில்லிமீட்டர் பிசகினால் லென்ஸ் உட்காராது, அதனால் எதையும் நிதானமாகச் செய்தே பழகியவள். அன்றைக்கு நிதானம் போன இடம் தெரியவில்லை.

"என்னங்க, கட்டைவிரல் யாரோடது?" என்று கேட்டேன்.

"என்னோடதுதான்."

"என் கட்டைவிரல் என் கையில பத்திரமா இருக்கு. நான் எங்கயும் வைக்கல."

நாத்தனார் குனிந்து பைகளை மறுபடி எடுத்துக்கொண்டாள். கோபமாக எடுக்கவில்லை. கவுன்ட்டரில் சில்லறை இல்லை என்று சொன்னால் திரும்பிப் போகிறவர்கள் எடுப்பார்களே, அப்படி எடுத்தாள். "பரவால்ல அண்ணி. நான் போகல. வாங்கப்பா" என்றாள். எத்தனை தடவை சொல்லிப் பழகிய 'பரவால்ல' அது.

அவள் கையிலிருந்து தலையணையைப் பிடுங்கிக்கொண்டேன். "நீ பத்து மணி பஸ்ஸுக்குப் போற. மாமா இங்கதான் இருக்காரு. ராத்திரி நான் இருக்கேன், காலைல நான் இருக்கேன், அதெல்லாம் நான் பாத்துக்கறேன். பகல்ல யார் விரல் வச்சாங்களோ அவங்க பாத்துப்பாங்க."

"பகல்ல எனக்கு எடைமேடைல வேலைடீ" என்றார் இவர்.

"அங்க கூட்டிட்டுப் போங்க. லாரிக்கே எடம் இருக்கு, மாமாவுக்கு இருக்காதா?"

மாமனார் தொண்டையைச் செருமினார். "எனக்கு அங்க டீ கெடைக்குமா?" என்று மட்டும் கேட்டார்.

இப்படித்தான் என் மாமனார் எண்பத்தோராம் வயதில் எடைமேடையில் வேலைக்குச் சேர்ந்தார். மேடையின் முதலாளி வாரம் ஒருமுறை வருகிறவர். பெரியவர் லாரிக்குக் குறுக்கே போகாமல் இருந்தால் சரி என்று சொல்லிவிட்டார். கண்ணாடி அறையில் இரண்டாவது நாற்காலி போடப்பட்டது. முக்காலி மகனுக்கு, கைவைத்த நாற்காலி அப்பாவுக்கு.

முதல் வாரத்திலேயே குழுவில் இவர் சத்தம் நின்றுவிட்டது. பதினொரு மணிக்கு மாத்திரை, ஒரு மணிக்குச் சாப்பாடு, சாப்பாட்டுக்குப் பின் ஒன்று, நடுநடுவே மணிக்கொரு தடவை பாத்ரூம். பாத்ரூம் இருப்பது மேடைக்குப் பின்னால், நாற்பது அடி நடந்து. அப்பாவைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், வெளியே நின்று, "ஆச்சாப்பா?" என்று கேட்டு, திரும்பக் கூட்டி வருவதற்குள் மூன்று லாரி ஹாரன் அடிக்கும். பொருளாதார நீதிக்கு நேரம் ஏது? ஒருநாள் பெட்ரோல் விலை ஏறியது. கொழுந்தனாருக்கே பொறுக்கவில்லை. "அண்ணா, பெட்ரோல் ஏறியிருக்கு, நீங்க ஒண்ணும் சொல்லலையே?" என்று எழுதினார். இரண்டு மணி நேரம் கழித்து இவரிடமிருந்து பதில் வந்தது. "அப்பா பாத்ரூமில்." நான் குழுவை மியூட்டிலிருந்து எடுத்திருந்தேன். இதைப் படித்துவிட்டுக் கடையில் சிரித்ததில் ஒரு லென்ஸின் ஓரம் போய்விட்டது.

மாமனாருக்கோ தலைகால் புரியவில்லை. ஒன்பது வருடமாக ஃபேனிடம் பேசியவருக்கு இப்போது ஜன்னலில் வந்து நிற்கிற ஒவ்வொரு டிரைவரும் பொதுக்கூட்டம். மகன் எண்ணைத் தட்டுகிற நேரத்தில் அப்பா ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டையும் வெளுத்து வாங்குவார். "பெரியவர் சொல்றதுதான் சரி சார்" என்று டிரைவர்கள் சீட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். மூன்று வருடமாக இவர் எழுதிக் கிடைக்காத ஆதரவு அவருக்கு மூன்று நாளில் கிடைத்தது. இவர் வீட்டுக்கு வந்து என்னிடம் பொருமுவார். "அவர் சொல்றதுல பாதி நான் எழுதினதுதான். என்கிட்ட சண்டை போட்டாரு, இப்ப அதையே அவங்ககிட்ட சொல்றாரு."

ஒரு மத்தியானம் வண்டி இல்லாத நேரத்தில் மாமனார் கைத்தடியை ஊன்றி மேடை நடுவில் போய் நின்றாராம். "என் எடை என்னடா?" என்று கேட்டாராம்.

"அது சரியா காட்டாதுப்பா. அம்பதுன்னு காட்டுது, அறுபதுங்குது. சின்ன எடை இதுல தெரியாது. டன் கணக்குல வந்தாத்தான் தெரியும்."

"நீயும் அப்படித்தான்டா" என்றிருக்கிறார் அப்பா. "லாரி லாரியா வந்தாத்தான் உனக்குத் தெரியும்."

இதை இவரே என்னிடம் வந்து சொன்னார். சொல்லிவிட்டு, "ஏன் அப்படிச் சொல்றாரு?" என்று கேட்டார். நானா சொல்வேன்? சட்டையை மடித்தேன்.

பதில் அடுத்த வாரம் தானாக வந்தது. மாமனார் பழக்க தோஷத்தில் எடைமேடையிலிருந்தும் குரல்பதிவு அனுப்பிக்கொண்டிருந்தார். ஒரு ஞாயிறு காலை கொழுந்தனார் குழுவில் கிண்டலாக எழுதினார். "அண்ணா, அப்பா பேச்சுக்குப் பின்னாடி உங்க குரலும் கேக்குது. மாத்திரை, மாத்திரைன்னு கெஞ்சறீங்க." இவர் அந்தப் பதிவைப் போட்டுக் கேட்டார். நிதியமைச்சருக்கு நடுவே, தூரத்தில், "அப்பா, மாத்திரைய வாயில போடுங்கப்பா, வண்டி நிக்குது" என்று ஒரு குரல். தன் குரலைக் கேட்டு இவரே அசடு வழிந்து சிரித்தார்.

சிரித்துக்கொண்டே போனை மேலே தள்ளினார். பழைய பதிவு ஒன்றைத் தொட்டார். அப்பா பேசுகிறார், பின்னால் நாத்தனார் குரல். "அப்பா, காலைத் தூக்குங்க, தரை தொடைக்கணும்." அதற்கு முந்தையதைத் தொட்டார். "அப்பா, மாத்திரை." அதற்கு முந்தையது. "அப்பா, நான் டிப்போவுக்குக் கெளம்பறேன், தண்ணி பக்கத்துல இருக்கு." ஒன்றில் அவள் இருமிக்கொண்டே, "எனக்கு ஜுரம்பா, கொஞ்சம் மெதுவாப் பேசுங்க" என்கிறாள். அந்தப் பதிவுக்குக் கீழே இவர், வரிச் சலுகை யாருக்கு என்று பதினெட்டு வரி எழுதியிருந்தார்.

மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டேன், வரவில்லை. சோபாவில் உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தார். போய் எட்டிப் பார்த்தேன். போன வருடத்துச் செய்திகள். முதலில் இவர் எழுதியது: "வீட்டுக்குள் உழைக்கிற பெண்களின்". அங்கே லாரி வந்திருக்கிறது. அடுத்து நாத்தனார் எழுதியது: "அண்ணா, மூணு மாசம் அப்பாவை யாராவது வச்சுக்க முடியுமா? இதை விட்டா எனக்கு வயசு போயிடும்." அதன் கீழே இவருடைய கட்டைவிரல். அதன் கீழே இவர் எழுதிய மீதி: "உழைப்புக்கு இந்த நாட்டில் மதிப்பே இல்லை. சிந்திப்போம்."

"ஒம்பது வருஷமா அவ பேசியிருக்கா" என்றார். "நான் கேக்கவே இல்ல பாரு. நான் என்ன மனுஷன்?"

எனக்குக் கோபம் போய்ப் பாவமாக இருந்தது. கூடவே என்னுடைய பதினோரு மாத மியூட்டும் உறுத்தியது, அதை அவரிடமே சொன்னேன். அவர் உடனே குழுவில் மன்னிப்பு எழுத ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை, லாரி கிடையாது, தடுக்க ஆளில்லை. பதினாறாவது வரியில் நான் போனை வாங்கிக் கவிழ்த்து வைத்தேன்.

"எழுதிட்டா முடிஞ்சதுன்னு நெனச்சுப்பீங்க. மூணு மாசம் கழிச்சு அவ டிரைவர் ஆயிட்டா காலைல நாலரைக்கு டிப்போல இருக்கணும். அப்ப மாமா எங்க?"

அவர் போனை எடுத்து, பதினாறு வரியையும் அழித்துவிட்டு, வாழ்க்கையிலேயே மிகச் சின்னச் செய்தியை எழுதினார். "அப்பா இனி என் வீட்டில். பகலில் எடைமேடை. ஞாயிறு சின்னவன் வீட்டில். தங்கை நிம்மதியாக வேலை பார்க்கட்டும்." அனுப்புவதற்கு முன் என்னிடம் காட்டி, "சம்மதமா?" என்று கேட்டார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அனுப்புமுன் கேட்டது அன்றைக்குத்தான். காலையும் இரவும் என் பங்கு என்பதை நினைத்துப் பார்த்தேன். விளையாட்டில்லை, மாமனாருக்குத் தலையணை சரியாக இருக்காது, தண்ணீர் சூடாக இருக்காது, சூடாக இருந்தால் ரொம்பச் சூடு என்பார். இருந்தாலும் படித்துப் பார்த்து, என் கட்டைவிரலை நானே வைத்தேன்.

நாத்தனார் வைக்கவில்லை, ஒரு வரி எழுதினாள். "நிஜமாவா அண்ணா?" அவ்வளவுதான். வெளியூரில் படிக்கிற எங்கள் மகள் விடுதியிலிருந்து வைத்தாள். ஓரகத்தி வைத்தாள். கொழுந்தனார் மட்டும் படித்துவிட்டுப் பேசாமல் இருந்தார். ஒருநாள் போயிற்று, இரண்டு நாள் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என்பது மீன்தொட்டி கழுவுகிற நாளாம். மூன்றாம் நாள் மாமனார் எடைமேடையிலிருந்து ஒரு பதிவு அனுப்பினார். அதிசயமாகப் பத்தே வினாடி. "டேய் சின்னவனே, விரல் வலிக்குதா? மீனைப் பாக்க நானும் வரேன்டா." பின்னால் ஒரு டிரைவர் சிரிப்பது கேட்டது. அடுத்த நிமிடம் கொழுந்தனாரின் கட்டைவிரல் வந்து நின்றது. சட்டப்படி அதை இனி எடுக்க முடியாது.

மூன்று மாதம் முடிந்து, நாத்தனார் தேறிவிட்டாள். அவளுடைய பிரிவில் வயதில் மூத்தவள் அவள்தானாம். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் குழுவில் ஒரு செய்தி போட்டாள். நான் கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது இவர் அதற்குக் கட்டைவிரல் வைத்து முடித்திருந்தார்.

"படிச்சீங்களா?" என்று கேட்டேன்.

"படிச்சேன்."

"என்ன போட்டிருக்கா, சொல்லுங்க பாப்போம்."

போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு ஒப்பித்தார். "திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு என் பஸ் எடைமேடை வழியாப் போகும். முதல் நாள். அப்பாவை வெளியில நாற்காலி போட்டு உக்கார வைங்க. தூசி வரும், மூக்குல துணி கட்டி விடுங்க. ஹாரன் அடிக்க மாட்டேன், தேவையில்லாம அடிக்கக் கூடாது. ஸ்டியரிங்லேருந்து கையை எடுக்க மாட்டேன். நான் கையாட்டலைன்னு நெனச்சுக்காதீங்க."

ஒரு சொல் விடவில்லை.

திங்கட்கிழமை நான் கடைக்கு ஒரு மணி நேரம் தாமதமாக வருவதாகச் சொல்லிவிட்டு நானும் போனேன். மாமனார் சாலையோரம் நாற்காலியில், மூக்கில் துணியோடு, கையில் போனை நீட்டிப் பிடித்தபடி ஏழு மணிக்கே பதிவுக்குத் தயாராக இருந்தார். ஏழு இருபதுக்கு ஒன்றும் வரவில்லை. அதற்குப் பதில் ஜல்லி லாரி ஒன்று வந்து மேடையில் ஏறியது. டிரைவர் ஜன்னலில் நின்று, "சார், சீட்டு" என்றார். இவர் திரும்பியே பார்க்கவில்லை. சட்டம் எழுதிய நாளுக்குப் பிறகு, ஜன்னலில் இருந்துகொண்டே இவர் ஒரு லாரியை அம்போவென்று விட்டது அன்றைக்குத்தான்.

ஏழு இருபத்தாறுக்குப் பச்சை நிறப் பஸ் திருப்பத்தில் தெரிந்தது. பெரிய பஸ். அந்தக் கண்ணாடிக்குப் பின்னால் என் நாத்தனார் சின்னதாக, நிமிர்ந்து, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். சொன்னபடியே கையை எடுக்கவில்லை, எங்கள் பக்கம் திரும்பவில்லை. எங்களைக் கடக்கும்போது வேகத்தை மட்டும் கொஞ்சம் குறைத்தாள். மேடையிலிருந்த லாரி டிரைவர் பொறுமை இழந்து வண்டிக்குள் ஏறி நீளமாக ஹாரன் அடித்தார். "அவதான் அடிச்சா, அவதான் அடிச்சா" என்றார் மாமனார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

மாமனார் அந்தப் பதிவைக் குழுவில் போட்டார். ஒன்றரை நிமிடம். முதலில் தொண்டைச் செருமல், "கேக்குதா?", பிறகு பஸ் சத்தம், ஹாரன், "என் பொண்ணு போறா பாருங்கய்யா" என்று யாரிடமோ அவர் சொல்வது. பத்து மணிக்கு டிப்போவில் முதல் நடை முடித்து இறங்கியதும் நாத்தனார் கேட்டிருக்கிறாள். கேட்டுவிட்டு எழுதினாள். "அப்பா குரலுக்குப் பின்னாடி யாரோ அழற மாதிரி கேக்குதே?"

இவர் உடனே பதில் போட்டார். "அது லாரி சத்தம்."

நாங்கள் எல்லோரும் அதற்குக் கட்டைவிரல் வைத்தோம். படித்துவிட்டுத்தான் வைத்தோம்.